பரப்பு விகிதம் தரப்பட்ட இயல்பொத்த முக்கோணிகளை அமைத்தல்

கேத்திரகணிதத்திற் சில வினாக்கள் பார்வைக்கு மிக எளியன. விடை கூறப் புகுந்தவிடத்தே அவற்றின் ஆழம் புலனாகும். தரப்பட்ட முக்கோணியொன்றன் வடிவினையே உடையதாய், அதனினும் இருமடங்கு பரப்புடையதாய், வேறொரு முக்கோணியை வரைக என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. இவ்வினா வகுப்பிலே எழுப்பப்படும்போது மாணவருட் பலர் தயக்கமின்றிக் கூறும் விடை, ஒவ்வொரு பக்கத்தையும் இருமடங்காக்குக என்பதாகும். அவ்வாறு வரைந்த முக்கோணியின் பரப்போ இருமடங்கன்று, நான்மடங்கு. இப்பிழை எங்ஙனம் எழுகின்றது, அதனைக் களைந்து அடிமட்டமும் கவராயமும் மாத்திரங்கொண்டு எவ்விகிதத்திற்கும் ஏற்ற முக்கோணியை வழுவின்றி அமைப்பது எங்ஙனம், அம்முறையின் பழமையும் பயனும் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பிழை

இப்பிழை இக்கால மாணவர்க்கு மட்டும் உரியதன்று. கி. மு. 4ஆம் நூற்றாண்டிற் பிளேற்றோ எழுதிய 'மீனோ' என்னும் உரையாடலில், கணிதம் பயிலாத அடிமைச் சிறுவன் ஒருவனைச் சோக்கிறற்றீசு வினவுகின்றார். இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 4 சதுர அடி. 8 சதுர அடிப் பரப்புள்ள சதுரத்தின் பக்கம் யாது? நான்கடி என்கின்றான் சிறுவன். வரைந்து பார்க்கையிற் பரப்பு 16 ஆகின்றது. மூன்றடி என்கின்றான், பரப்பு 9 ஆகின்றது. இரண்டும் பொருந்தாமை கண்டு திகைத்து நின்றவனுக்கு மூலைவிட்டம் காட்டப்படுகின்றது. அம்மூலைவிட்டத்தின் மீது எழுப்பிய சதுரமே 8 சதுர அடி கொண்டது.

இக்கதையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. நீளம் பெருகும் அளவிலேயே பரப்பும் பெருகும் என மனம் இயல்பாகவே எண்ணுகின்றது என்பது ஒன்று. சரியான விடை 2, 3, 4 என்னும் எண்களுள் எதுவுமன்று, ஒரு கோடு என்பது மற்றையது. சிறுவனால் எண்ணாற் கூற இயலாத நீளத்தைப் படத்திற் சுட்டிக்காட்ட இயன்றது. இவ்வேறுபாடே பின்வரும் அமைப்புக்கள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

தேற்றம்

ஒத்த கோணங்கள் சமமாயும் ஒத்த பக்கங்கள் விகிதசமமாயும் உள்ள முக்கோணிகள் இயல்பொத்த முக்கோணிகள் எனப்படும். அவற்றின் பரப்புக்கள், ஒத்த பக்கங்களின் வர்க்கங்களின் விகிதத்திலே அமையும் என்பதனைக் கி. மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு தம் 'மூலகங்கள்' என்னும் நூலின் 6ஆம் புத்தகத்தில் 19ஆம் எடுப்பாக நிறுவியுள்ளார்.

இதன் காரணம் எளிதில் விளங்குவது. முக்கோணியின் பரப்பு அடியினதும் உயரத்தினதும் பெருக்கத்திற் பாதி. பக்கங்களை மும்மடங்காக்கினால் அடி மாத்திரமன்றி உயரமும் மும்மடங்காகும். ஆதலின் அவற்றின் பெருக்கம் ஒன்பது மடங்காகும். படத்தாலும் இதனைக் காணலாம். முக்கோணியொன்றன் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சமகூறாக்கி, பக்கங்களுக்குச் சமாந்தரமாகக் கோடுகளை வரைந்தால், உச்சி வரிசையில் ஒன்றும், அடுத்ததில் மூன்றும், கடைசியில் ஐந்துமாக 9 சிறு முக்கோணிகள் தோன்றும். அவை யாவும் ஒன்றுக்கொன்று சமமானவை. பெரிய முக்கோணியோடு இயல்பொத்தவை.

பக்க விகிதம் தரப்பட்டுப் பரப்பு விகிதம் கேட்கப்பட்டால் வர்க்கித்தல் போதும். இவ்வினாவில் மாணவர் இடர்ப்படுவதில்லை. இடர்ப்பாடு மறுதலை வினாவிலேயே உளது. பரப்பு விகிதம் தரப்பட்டுப் பக்கம் கேட்கப்படும்போது வர்க்கமூலம் வேண்டப்படுகின்றது. பரப்புக்கள் 4 : 9 ஆயின் பக்கங்கள் 2 : 3 ஆகும், ஒரு பக்கத்தை மூன்று சமகூறாக்கி இரண்டினைக் கொள்ளலாம். ஆனால் 2 : 1, 3 : 5, 7 : 4 என்றாற்போன்ற விகிதங்களுக்கு இவ்வழி உதவாது. இரண்டின் வர்க்கமூலம் எந்தப் பின்னத்தாலும் முடிவுறக் கூற முடியாத விகிதமுறா எண். 1.414 எனக் கொண்டு பெருக்கினால் 1.999396 வருமேயன்றி 2 வாராது. தசமதானங்களை எத்துணை நீட்டினும் குறை குறுகுமேயன்றி அற்றுப்போகாது.

வரைந்த கோட்டிற்கும் தடிப்பு உண்டு, கையும் நடுங்கும், ஆதலின் படமும் அண்ணளவானதன்றோ எனின், அது கருவியின் குறை, முறையின் குறையன்று. தசம முறையிலே கணித்தலை எங்கேனும் நிறுத்தவேண்டியிருத்தலால் முறையே குறையுடையதாகின்றது. கவராய முறையிலோ நிறுவல் முற்றானது.

இடை விகிதசமன்

வேண்டப்படுவது ஒரேயொரு நீளம். இரு கோடுகள் தரப்பட்டவிடத்து, முதலாவதற்கும் அந்நீளத்திற்குமுள்ள விகிதம், அந்நீளத்திற்கும் இரண்டாவதற்குமுள்ள விகிதமாக அமையுமாயின், அது அவ்விரு கோடுகளின் இடை விகிதசமன் எனப்படும். அதன் வர்க்கம் இரு கோடுகளின் பெருக்கத்துக்குச் சமன். இதனைப் பெறுதற்கு ஓர் அரைவட்டம் போதும்.

வாசகர் ஒரு தாளை எடுத்துப் பின்வருமாறு வரைந்துகொள்க. கசட என்பது தரப்பட்ட முக்கோணி. க அதன் உச்சி, சட அதன் அடி. இதனோடு இயல்பொத்ததாய், இதன் பரப்பின் ஐந்தில் மூன்று பங்கு கொண்ட முக்கோணி வேண்டப்படுகின்றது எனக் கொள்க.

முதலாவதாக, கச என்னும் பக்கத்தை ஐந்து சமகூறாக்கி, க என்னும் புள்ளியிலிருந்து மூன்றாங் கூறு முடியுமிடத்தை ப எனக் குறிக்க. இரண்டாவதாக, கச விட்டமாக அமையும்படி முக்கோணிக்குப் புறத்தே ஓர் அரைவட்டம் வரைக. மூன்றாவதாக, ப என்னும் புள்ளியிலிருந்து கச என்னும் பக்கத்திற்குச் செங்குத்து எழுப்புக. அஃது அரைவட்டத்தைச் சந்திக்குமிடம் ம ஆகுக. நான்காவதாக, க மையமாகவும் கம ஆரையாகவும் ஒரு வில் வரைக. அது கச என்னும் பக்கத்தை வெட்டுமிடம் ய ஆகுக. ஈற்றில், ய என்னும் புள்ளியினூடாகச் சட என்னும் அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைக. அது கட என்னும் பக்கத்தைச் சந்திக்குமிடம் ர ஆகுக. கயர என்பதே வேண்டிய முக்கோணி.

நிறுவல் வருமாறு. அரைவட்டத்திலுள்ள கோணமாதலின் கமச என்பது செங்கோணம். முக்கோணி கமப, முக்கோணி கசம என்னும் இரண்டிலும் க என்னும் கோணம் பொது. ஒவ்வொன்றிலும் ஒரு செங்கோணம் உண்டு. ஆகவே அவை இயல்பொத்தவை. எனவே,

கப : கம = கம : கச; அதாவது கம² = கப × கச.

யர என்பது சட என்பதற்குச் சமாந்தரமாதலின் முக்கோணி கயர, முக்கோணி கசட என்பன இயல்பொத்தவை. அவற்றின் பரப்புக்களின் விகிதம் கய² : கச² ஆகும். கய, கம என்பன சமனாதலின் இது கப × கச : கச² என ஆகின்றது, அதாவது கப : கச. இவ்விகிதம் 3 : 5 ஆதலின் வேண்டியது பெறப்பட்டது.

வேண்டிய முக்கோணி தரப்பட்டதனிலும் பெரிதாயின் சிறு மாற்றம் செய்க. கச என்னும் பக்கத்தை ச என்னும் புள்ளிக்கு அப்பால் நீட்டி, கப : கச வேண்டிய விகிதமாகும்படி ப என்னும் புள்ளியைக் கொள்க. இப்போது கப விட்டமாக அரைவட்டம் வரைந்து, ச என்னும் புள்ளியிற் செங்குத்தை எழுப்புக. ஏனைய யாவும் முன்போலவே. விகிதம் 2 : 1 ஆயினும் 7 : 4 ஆயினும் முறை ஒன்றே. இரு எண்களே தரப்படவேண்டும் என்பதுமில்லை. இரு கோடுகளின் விகிதமாக எது தரப்பட்டாலும் அமைப்பு நிறைவேறும்.

பங்கீட்டில் இதன் பயன்

இவ்வமைப்பின் பயனை ஒரு காணிப் பங்கீட்டினால் அறியலாம். முக்கோண வடிவான காணியொன்று நால்வர்க்குச் சமமாகப் பிரிக்கப்படல் வேண்டும்; வேலிகள் யாவும் அடிப்பக்கத்திற்குச் சமாந்தரமாய் இருத்தல் வேண்டும். பக்கத்தின் நீளம் உச்சியிலிருந்து 100 மீற்றர் எனக் கொள்வோர், 25 மீற்றருக்கு ஒரு வேலியாக இட்டால் நீதி வழங்கியதாக எண்ணக்கூடும். முன்னர்க் கூறிய சிறு முக்கோணிகளை எண்ணிப் பார்த்தால் உண்மை தெளிவாகும். நான்கு வரிசைகளிலும் முறையே 1, 3, 5, 7 சிறு முக்கோணிகள் உள. உச்சிப் பங்கினர் பெறுவது பதினாறில் ஒன்று. அடிப் பங்கினர் பெறுவது பதினாறில் ஏழு. வேலிகளின் இடைவெளி சமனாயிருக்க, ஒருவர் பங்கு மற்றொருவர் பங்கின் ஏழு மடங்காகின்றது.

நேர்மையான பிரிப்புக்கு ஓர் அரைவட்டமே போதும். பக்கத்தின் படத்தை நான்கு சமகூறாக்கி, மூன்று பிரிவுப் புள்ளிகளிலும் செங்குத்துக்கள் எழுப்பி, அவை அரைவட்டத்தைச் சந்திக்கும் புள்ளிகளை உச்சியை மையமாகக் கொண்ட விற்களாற் பக்கத்துக்குக் கொணர்க. வேலிகள் உச்சியிலிருந்து 50 மீற்றர், ஏறத்தாழ 70.71 மீற்றர், 86.60 மீற்றர் ஆகிய தூரங்களில் அமையும். பக்கத்தின் வழியே பங்குகளின் நீளம் முறையே 50, 20.71, 15.89, 13.40 மீற்றர். கண்ணுக்கு இவை பெரிதும் ஏற்றத்தாழ்வுடையனவாகத் தோன்றினும் பரப்பில் நான்கும் சமன். சமமெனத் தோன்றுவது சமமன்மையும், சமமன்றெனத் தோன்றுவது சமமாதலும் ஈண்டு ஒருங்கே காணப்படும்.

இரு முக்கோணிகளைக் கூட்டுதல்

விகிதத்திற்குப் பதிலாக இரு இயல்பொத்த முக்கோணிகளே தரப்பட்டு, அவ்விரண்டின் பரப்புக்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான மூன்றாவதொன்று வேண்டப்படலாம். அவற்றின் ஒத்த பக்கங்கள் இரண்டினை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து முனைகளை இணைத்தாற் பெறப்படும் செம்பக்கமே மூன்றாவது முக்கோணியின் ஒத்த பக்கமாகும். பைதகரசின் தேற்றம் சதுரங்களுக்கு மட்டுமன்றி, மூன்று பக்கங்களின் மீதும் ஒரேவிதமாக வரையப்பட்ட எல்லா இயல்பொத்த உருவங்களுக்கும் பொருந்தும் என 'மூலகங்கள்' 6ஆம் புத்தகத்தின் 31ஆம் எடுப்புக் கூறுகின்றது. பெரிய முக்கோணியின் பக்கத்தைச் செம்பக்கமாகக் கொண்டால் கழித்தலும் இவ்வாறே நிகழும்.

வேள்விக் களத்திற் கேத்திரகணிதம்

இவ்வகைக் கணிதம் கிரேக்க நாட்டில் மட்டும் வளர்ந்ததன்று. வடமொழியிலுள்ள சுல்ப சூத்திரங்கள் வேள்விக் குண்டங்களையும் செங்கற் சிதிகளையும் கயிறு கொண்டு அளந்து அமைக்கும் விதிகளைத் தொகுத்துக் கூறுவன. அவற்றுட் பழமையானதாகக் கொள்ளப்படும் போதாயனருடைய சூத்திரம் கி. மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுவர். சதுரத்தின் மூலைவிட்டக் கயிறு இருமடங்கு பரப்பைத் தரும் என்பதும், செவ்வகத்தின் மூலைவிட்டம் அதன் இரு பக்கங்களும் தனித்தனி தரும் பரப்புக்களை ஒருங்கே தரும் என்பதும் அந்நூலில் உள. இருமடங்கு பரப்புத் தரும் பக்கம் துவிகரணி எனவும், மும்மடங்கு தருவது திரிகரணி எனவும் பெயர் பெற்றன.

இக்கட்டுரையின் பொருளோடு நேரே தொடர்புடையது அக்கினி சயனத்தின் விரிவு. முதன்முறை அமைக்கும் சிதியின் பரப்பு 7½ சதுர புருடம். வேள்வி செய்வோன் கைகளை உயர்த்தி நின்ற உயரமே ஒரு புருடமாகும். அடுத்த முறை 8½, அதற்கடுத்த முறை 9½ என ஒவ்வொரு சதுர புருடமாக ஏற்றி 101½ வரை செல்லலாம். பரப்பு ஏறினும் வடிவு மாறுதல் ஆகாது. பருந்து வடிவில் அமைந்த சிதி பெருத்தாலும் சிறகும் உடலும் வாலும் பழைய விகிதத்திலேயே இருத்தல் வேண்டும். அதாவது பரப்பு விகிதம் 15 : 17 ஆகவுள்ள இயல்பொத்த உருவத்தை அமைத்தல் என்னும் வினாவே அவர்கள்முன் நின்றது.

அவர்கள் கண்ட வழி நுட்பமானது. கூடுதலான ஒரு சதுர புருடத்தைப் பதினைந்து கூறாக்கி, முழுச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு கூறு சேர்த்தனர். பழைய அலகுச் சதுரத்தின் பரப்பு 1 ஆயிருந்தது இப்போது 17/15 ஆயிற்று. அவ்வளவு பரப்புள்ள சதுரத்தின் பக்கத்தையே புதிய அலகாகக் கொண்டு, பழைய விதிகளின்படியே சிதியை அளந்தனர். 7½ என்பதை 17/15 ஆற் பெருக்கினால் 8½ வருதல் காண்க. புதிய அலகு பழையதன் ஏறத்தாழ 1.065 மடங்கு. 101½ சதுர புருடம் கொண்ட சிதிக்கும் அலகு ஏறத்தாழ 3.68 மடங்கே வேண்டும். பரப்போ பதின்மூன்றரை மடங்கிற்கும் மேற்பட்டது.

செவ்வகத்தைச் சமபரப்புள்ள சதுரமாக்கும் விதியும் அந்நூலில் உண்டு. இரு பக்கங்களின் கூட்டுத்தொகையிற் பாதியின் மீதமைந்த சதுரத்திலிருந்து, வேறுபாட்டிற் பாதியின் மீதமைந்த சதுரத்தைக் கழித்தலே அதன் சாரம். இதனை யூக்கிளிட்டின் அரைவட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். விட்டத்தை இரு துண்டுகளாக்கும் புள்ளியிற் செங்குத்து எழுப்பினால், ஆரை அவ்விரு துண்டுகளின் கூட்டுத்தொகையிற் பாதி. மையத்திலிருந்து அப்புள்ளியின் தூரம் அவற்றின் வேறுபாட்டிற் பாதி. முன்னதன் வர்க்கத்திலிருந்து பின்னதன் வர்க்கத்தைக் கழித்தால் வருவது செங்குத்தின் வர்க்கம். அதுவே இரு துண்டுகளின் பெருக்கம். கயிறும் கவராயமும் வெவ்வேறு கருவிகளாயினும் அவை கண்ட உண்மை ஒன்றே.

இரண்டின் வர்க்கமூலத்திற்குப் போதாயனர் தந்த பின்னமும் ஈண்டு நினைக்கத்தக்கது. அது 577/408 என ஆகும். இதனை வர்க்கித்தால் 332929/166464 கிடைக்கும். சரியாக இரண்டாதற்குத் தொகுதி 332928 ஆதல் வேண்டும். மிகுவது ஒன்றே ஒன்று. இத்துணை நெருங்கிய பின்னமும் இரண்டினைச் சரியாகத் தொடவில்லை. மூலைவிட்டக் கயிறோ தொடுகின்றது.

வடிவு ஒன்று, பரப்பு வேறொன்று

மேற்கூறிய முறையின் முழுவலிமை 'மூலகங்கள்' 6ஆம் புத்தகத்தின் 25ஆம் எடுப்பில் வெளிப்படும். தரப்பட்ட உருவமொன்றன் வடிவினையும், தரப்பட்ட வேறோர் உருவத்தின் பரப்பினையும் உடையதாக மூன்றாவதொன்றை அமைத்தலே அவ்வெடுப்பு. பைதகரசு நன்றிப் பலியிட்டது இவ்வினாவின் தீர்வுக்காகவே என்று சிலர் கூறுவதைப் புளூட்டாக்கு குறிப்பிட்டு, செம்பக்கத் தேற்றத்தினும் இதுவே நயமிக்கது எனப் பாராட்டுகின்றார்.

தரப்பட்ட நாற்பக்கல் ஒன்றன் பரப்பினை உடையதாய், கசட என்னும் முக்கோணியின் வடிவினதாய் ஒரு முக்கோணி வேண்டும் எனக் கொள்க. முதலில் அந்நாற்பக்கலை, கசட என்பதன் உயரத்தையே தன் உயரமாகக் கொண்ட சமபரப்பு முக்கோணியாக மாற்றுக. உயரங்கள் சமனாதலின் பரப்புக்களின் விகிதம் அடிகளின் விகிதமே. அப்புதிய அடிக்கும் சட என்னும் அடிக்கும் இடை விகிதசமன் காண்க. அதுவே வேண்டிய முக்கோணியின் அடி.

அன்றாடம் கையாளும் தாளிலும் இக்கணிதம் உறைகின்றது. ஏ-3 தாளை நடுவே மடித்தால் ஏ-4 தாள் வரும். பரப்புப் பாதியாகியும் வடிவு மாறுவதில்லை. 1922இல் யேர்மனியில் நியமமாக்கப்பட்டு, 1975இற் சருவதேச நியமமான இத்தாள்களின் பக்கங்கள் இரண்டின் வர்க்கமூல விகிதத்தில் அமைந்தமையே காரணம். ஏ-4 தாள் 210 மில்லிமீற்றருக்கு 297 மில்லிமீற்றர். ஏ-3 தாளிலுள்ள படத்தை ஏ-4 தாளுக்குச் சுருக்கும் நிழற்பிரதிப் பொறி 71 வீதம் எனக் காட்டுவது பக்கத்தின் அளவையே. 50 வீதம் என அமைத்தாற் படத்தின் பரப்பு நாலிலொன்றாகிவிடும்.

கவராயத்தின் எல்லை

பரப்பில் வெற்றி தந்த இக்கருவிகள் கனவளவிலே தோற்றுப்போயின. டீலொசுத் தீவில் அப்பொலோ தேவனின் பலிபீடத்தை இருமடங்காக்குமாறு தெய்வவாக்குப் பிறந்ததென்பது கிரேக்கர் வழங்கிய கதை. பக்கத்தை இருமடங்காக்கினாற் சதுரமுகியின் கனவளவு எட்டு மடங்காகும். வேண்டுவது இரண்டின் கனமூலம். கியோசுத் தீவினரான இப்போக்கிறற்றீசு, இரு கோடுகளுக்கிடையே ஓர் இடை விகிதசமனுக்குப் பதிலாக இரண்டினைக் கண்டால் வினா தீரும் எனக் காட்டினார். மெனைக்குமசு கூம்பு வெட்டுக்களால் அவற்றைப் பெற்றார். ஆயினும் அடிமட்டமும் கவராயமும் மாத்திரங்கொண்டு அதனை அமைக்க எவராலும் இயலவில்லை. இயலவும் இயலாது என்பதனைப் பிரான்சிய அறிஞர் வான்செல் 1837இல் நிறுவினார். வர்க்கமூலம் ஓர் அரைவட்டத்திற்கு எளிதில் அகப்பட, கனமூலம் எத்தனை வட்டங்கள் வரையினும் அகப்படாமை கேத்திரகணிதத்தின் வியப்புக்களுள் ஒன்று.

முடிவுரை

இயல்பொத்த முக்கோணிகளின் பரப்புப் பற்றிய தேற்றத்தை மனனஞ் செய்து, பக்கங்களை வர்க்கித்து விடை எழுதும் மாணவர், மறுதலை வினாவில் மீண்டும் மீனோவின் சிறுவனுடைய நிலைக்கே சென்றுவிடுதல் உண்டு. தேற்றத்தோடு அமைப்பையும் கையால் வரைந்து பழகுவோர்க்கு அவ்விடர் இல்லை. வர்க்கமூலம் கணிகருவி காட்டும் தசமமாக மட்டுமன்றி, அரைவட்டத்துள் நிற்கும் ஒரு கோடாகவும் அவர்க்குத் தோன்றும். கணிகருவி விடையை நொடியில் தரும் இந்நாளிலும் கேத்திரகணித அமைப்புக்களைப் பாடத்தில் வைத்திருத்தற்கு இதுவே தக்க காரணமாகும்.

மாணவர் இரண்டு பயிற்சிகளைத் தாமே செய்து பார்ப்பாராக. ஒரு முக்கோணியை அடிக்குச் சமாந்தரமான நான்கு கோடுகளால் ஐந்து சமபரப்புக்களாகப் பிரித்தல் ஒன்று. தரப்பட்ட சதுரமொன்றன் பரப்பினையுடைய சமபக்க முக்கோணியை அமைத்தல் மற்றொன்று. இரண்டுக்கும் வேண்டியன மேலே கூறப்பட்டன. எஞ்சியது தாளும் கவராயமும் சிறிது பொறுமையுமே.